தொழிற்சங்கங்களின் வளர்ச்சியும் தளர்ச்சியும்

இங்கிலாந்தின் தென்பகுதியிலே, டோசெற் மாவட்டத்தில், தொல்புடில் என்றொரு சிற்றூர் உண்டு. 1834 ஆம் ஆண்டில் அவ்வூரைச் சேர்ந்த பண்ணைத் தொழிலாளர் அறுவர் கைதுசெய்யப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அவர்கள் களவெடுத்தாரல்லர், கலகஞ் செய்தாருமல்லர். வாரத்துக்கு ஒன்பது சிலிங்காக இருந்த தம் கூலி எட்டாகவும், பின்னர் ஏழாகவும் குறைக்கப்பட்டு, ஆறாக இறங்கும் நிலையை அடைந்தபோது, ஒருவருக்கொருவர் துணைநிற்பதாகச் சத்தியஞ் செய்து ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டதே அவர்கள் செய்த குற்றம். சங்கம் அமைப்பதைத் தடுத்த சட்டங்கள் 1824 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டிருந்தன. ஆதலால், சட்டவிரோதமான சத்தியஞ் செய்தனர் என்ற வேறொரு குற்றம் அவர்கள்மேற் சுமத்தப்பட்டது. அறுவருக்கும் ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டு, அவர்கள் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். மக்களின் கிளர்ச்சி காரணமாக 1836 ஆம் ஆண்டில் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

அதே நாட்டில், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 1979 ஆம் ஆண்டில், தொழிற்சங்கங்களின் அங்கத்தவர் தொகை 1 கோடி 32 இலட்சமாக இருந்தது. சம்பளத்துக்கு வேலைசெய்வோருட் பாதிக்கு மேற்பட்டோர் ஏதாவதொரு சங்கத்தைச் சேர்ந்திருந்தனர். அதன்பின் நாற்பத்து நான்கு ஆண்டுகள் கடந்து 2023 ஆம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, அத்தொகை 64 இலட்சமாகக் குறைந்திருந்தது. நூற்றுக்கு 22 பேரே சங்கத்தவராக எஞ்சினர். சங்கத்திற் சேர்வது சிறைக்குரிய செயலாக இருந்த காலத்தில் மக்கள் அஞ்சாது சேர்ந்தனர். அது சட்டத்தின் காவலைப் பெற்ற உரிமையாகிய காலத்திற் பலர் விலகியிருக்கின்றனர். இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? இது பிரித்தானியாவுக்கு மட்டும் உரியதா? அன்றி, கைத்தொழில் வளம் பெற்ற நாடுகள் அனைத்துக்கும் பொதுவானதா?

இவ்வினாக்களுக்கு விடை காணுமுன், சங்கங்களின் வலிமை எவ்வாறு அளக்கப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். அங்கத்தவர் தொகையை மட்டும் பார்த்தல் போதாது. நாட்டிற் சம்பளத்துக்கு வேலைசெய்வோரின் தொகையும் ஆண்டுதோறும் மாறுகின்றது. ஆகவே சம்பளம் பெறுவோர் நூறு பேரில் எத்தனை பேர் சங்கத்தவர் என்று கணக்கிடுவதே வழக்கம். இதனைச் சங்க அங்கத்துவ வீதம் என்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளை உதாரணமாகக் கொள்ளலாம். அங்கே 1983 ஆம் ஆண்டில் 1 கோடி 77 இலட்சம் பேர் சங்கத்தவராக இருந்தனர். 2023 ஆம் ஆண்டில் 1 கோடி 44 இலட்சம் பேர் இருந்தனர். தொகையிற் குறைவு ஐந்தில் ஒரு பங்கே. ஆனால் அந்நாற்பது ஆண்டுகளில் வேலைசெய்வோர் தொகை பெரிதும் பெருகியமையால், வீதம் 20 இலிருந்து 10 ஆகப் பாதியாயிற்று. மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. இத்தாலி போன்ற நாடுகளில் ஓய்வுபெற்ற முதியோரும் சங்கத்தில் அங்கத்தவராகத் தொடர்கின்றனர். அந்நாட்டின் மிகப் பெரிய சங்கச் சம்மேளனத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் அத்தகையோரே. அவர்களை நீக்கியே வீதத்தைக் கணக்கிடல் வேண்டும்.

இனி, வளர்ச்சியின் வரலாற்றை நோக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தொழிற்சங்கம் என்பது பெரும்பாலும் கைவினைஞர் சங்கமாகவே இருந்தது. இயந்திரம் பொருத்துவோர், தச்சர், கல்தச்சர், அச்சுத் தொழிலாளர் ஆகியோர், நீண்டகாலம் பயின்று பெற்ற தம் திறமையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் சங்கங்களை அமைத்தனர். அச்சங்கங்கள் பெருந்தொகையான சந்தாவைப் பெற்று, நோய், முதுமை, மரணம் ஆகிய இடர்க்காலங்களில் அங்கத்தவருக்கு உதவி அளித்தன. 1856 ஆம் ஆண்டில் மெல்பேண் நகரக் கல்தச்சர் எட்டுமணி நேர வேலைநாளைப் பெற்றதும், 1868 ஆம் ஆண்டில் மஞ்செஸ்ரர் நகரில் பிரித்தானியத் தொழிற்சங்கப் பேராயம் முதன்முதலாகக் கூடியதும் இக்காலத்து நிகழ்ச்சிகளாகும்.

கைவினைத் திறன் இல்லாத சாதாரண கூலித் தொழிலாளர் சங்கம் அமைத்தல் இயலாது என்றே அக்காலத்திற் பலர் கருதினர். அக்கருத்தைத் தகர்த்தது 1889 ஆம் ஆண்டில் நடைபெற்ற இலண்டன் துறைமுக வேலைநிறுத்தம். நாள்தோறும் துறைமுக வாயிலிற் கூடிநின்று, அழைத்தவருக்கு மட்டும் சில மணிநேரம் வேலை கிடைக்கும் நிலையிலிருந்த அத்தொழிலாளர், மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டுப் போராடினர். ஐந்து வாரம் நீடித்த அப்போராட்டத்தின்போது, கடல்கடந்து அவுஸ்திரேலியாவிலிருந்து முப்பதினாயிரம் பவுணுக்கு மேற்பட்ட நிதி வந்துசேர்ந்தது. அவர்கள் வெற்றி பெற்றனர். அவ்வெற்றியைத் தொடர்ந்து, வண்டி ஓட்டுவோரும் சுமை தூக்குவோரும் வாயுத் தொழிற்சாலைகளில் வேலைசெய்வோரும் பெருந்தொகையினராகச் சங்கங்களிற் சேர்ந்தனர்.

எனினும் அங்கத்தவர் தொகை ஒரே சீராக ஏறிச் சென்றது என எண்ணுதல் தவறு. அது கடலலை போன்று ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. முதலாம் உலக யுத்தத்தின்போது தொழிலாளர் தேவை மிகுந்தமையால் சங்கங்கள் பெருகின. 1920 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் 83 இலட்சம் பேர் அங்கத்தவராயினர். பின்னர் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. 1926 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிவுற்றது. 1933 ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்திருந்தது. வேலைக்கு ஆள் தேடப்படும் காலத்திற் சங்கம் வளர்வதும், ஆள் வேலை தேடும் காலத்திற் சங்கம் மெலிவதும் இயல்பு என்பதை அக்காலத்து அறிஞர் இதனால் உணர்ந்தனர்.

ஆனால் இவ்வியல்புக்கு மாறாக நடந்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கதை. உலகப் பொருளாதார மந்தத்தின் கொடுமை நீங்காதிருந்த 1935 ஆம் ஆண்டில், சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற் காலத்தில், வாக்னர் சட்டம் எனப்படும் தேசியத் தொழில் உறவுச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளர் தாம் விரும்பிய சங்கத்தை வாக்களித்துத் தெரிவுசெய்யவும், தொழில்கொள்வோர் அச்சங்கத்துடன் பேச்சுவார்த்தை நடத்தவும் அச்சட்டம் வழிசெய்தது. 1936 ஆம் ஆண்டின் இறுதியில் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகர மோட்டார்த் தொழிற்சாலைகளில், தொழிலாளர் இயந்திரங்களின் அருகிலேயே அமர்ந்து நடத்திய வேலைநிறுத்தம் 44 நாள் நீடித்து வெற்றியில் முடிந்தது. உருக்கு, மோட்டார், மின்பொருள் ஆகிய பெருந்தொழில்கள் யாவும் சங்கங்களின் எல்லைக்குள் வந்தன. 1950 களின் நடுப்பகுதியில் அந்நாட்டிற் சம்பளம் பெறுவோருள் மூவரில் ஒருவர் சங்கத்தவராயினர். பொருளாதார நிலை மட்டுமன்றிச் சட்டமும் சங்கங்களின் விதியை நிர்ணயிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிற்பட்ட முப்பது ஆண்டுகள் தொழிற்சங்கங்களின் பொற்காலம் எனலாம். சங்கங்களை நாசி ஆட்சி 1933 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி கைப்பற்றி அழித்திருந்த ஜேர்மனியில், 1949 ஆம் ஆண்டில் ஒரு பொதுச் சம்மேளனம் தோன்றியது. யப்பானில் 1945 ஆம் ஆண்டு இறுதியிற் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கே ஆண்டுகளில், அதாவது 1949 ஆம் ஆண்டில், அங்கத்துவ வீதம் 55 ஐத் தாண்டியது. சுவீடனில் 1938 ஆம் ஆண்டிலேயே சால்ற்சியோபாடன் என்னும் இடத்தில் தொழிலாளர் சம்மேளனமும் தொழில்கொள்வோர் சம்மேளனமும் ஓர் ஒப்பந்தம் செய்து, பிணக்குகளைத் தாமே பேசித் தீர்க்கும் மரபை நிலைநாட்டியிருந்தன. எங்கும் வேலை நிறைந்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் உழைத்தனர். சம்பளத்திலிருந்தே சந்தா கழிக்கப்பட்டது. அத்தகைய சூழ்நிலையில், ஒருவர் வேலையிற் சேர்ந்த அன்றே சங்கத்திலும் சேர்வது வழக்கமாயிற்று.

அதன்பின் வந்தது தளர்ச்சி. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பைச் சேர்ந்த நாடுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்தால், 1975 ஆம் ஆண்டில் அங்கத்துவ வீதம் 33. 2018 ஆம் ஆண்டில் அது 16. மூவரில் ஒருவர் என்ற நிலை மாறி, ஆறு பேரில் ஒருவர் என்ற நிலை வந்தது. யப்பானில் அவ்வீதம் 2003 ஆம் ஆண்டில் 20 இற்குக் கீழே இறங்கி, 2023 ஆம் ஆண்டில் 16 ஐ அடைந்தது. 1991 ஆம் ஆண்டில், நாடு ஒன்றிணைந்ததன் பின், 1 கோடி 18 இலட்சம் அங்கத்தவரைக் கொண்டிருந்த ஜேர்மன் சம்மேளனத்தில் இன்று 60 இலட்சம் பேரும் இல்லை. அவுஸ்திரேலியாவில் 1976 ஆம் ஆண்டிற் பாதிப்பேர் சங்கத்தவர்; 2022 ஆம் ஆண்டில் எட்டுப் பேரில் ஒருவரே சங்கத்தவர்.

இத்தளர்ச்சிக்கு முதலிற் கூறப்படும் காரணம் தொழில்களின் மாற்றம். நிலக்கரிச் சுரங்கமும் உருக்காலையும் கப்பல் கட்டுந் தளமும் மூடப்பட்டன. அவற்றின் இடத்திற் கடைகளும் விடுதிகளும் பராமரிப்பு நிலையங்களும் அலுவலகங்களும் தோன்றின. சுரங்கத் தொழிலாளர் ஒரே ஊரில் வாழ்ந்து, ஒரே ஆபத்தை எதிர்நோக்கி, ஒரே மண்டபத்திற் கூடியவர்கள். பத்துப் பேர் மட்டும் வேலைசெய்யும் ஒரு கடையில், மாதத்துக்கு ஒருவர் விலகி மற்றொருவர் சேரும் நிலையில், சங்கத்தை நிலைநிறுத்துவது அரிது. 1984 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கி ஓராண்டு நடைபெற்ற பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அந்நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான கெலிங்லி 2015 ஆம் ஆண்டு திசெம்பரில் மூடப்பட்டது. ஒரு சங்கம் மட்டுமன்றி, அச்சங்கத்தைத் தாங்கிநின்ற வாழ்க்கைமுறையே அதனுடன் மறைந்தது.

ஆயினும் இக்காரணம் முழு உண்மையன்று. தொழில் மாற்றம் எல்லா வளர்ந்த நாடுகளிலும் நிகழ்ந்தது. சங்கங்களின் வீழ்ச்சியோ நாட்டுக்கு நாடு வேறுபட்டது. இதனைச் சோதித்தறிவதற்கு அயல்நாடுகள் இரண்டை ஒப்பிடுதல் சிறந்த வழியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளும் கனடாவும் நீண்ட எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள். ஒரேவகைத் தொழிற்சாலைகள், ஒரே கம்பனிகள், பல வேளைகளில் ஒரே சங்கங்களையும் உடையவை. 1950 களின் நடுப்பகுதியில் இரு நாடுகளிலும் அங்கத்துவ வீதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இன்றோ அமெரிக்காவில் அது 10. கனடாவில் ஏறக்குறைய 30.

இவ்வேறுபாட்டுக்குச் சட்டமே முக்கிய காரணம். அமெரிக்காவில் 1947 ஆம் ஆண்டின் ராவ்ற்-ஹாட்லிச் சட்டம், சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தங்களைத் தடைசெய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் அளித்தது. மாநிலங்களுட் பாதிக்கு மேற்பட்டவை இன்று அவ்வதிகாரத்தைப் பயன்படுத்துகின்றன. 1981 ஆம் ஆண்டில் வேலைநிறுத்தஞ் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000 இற்கு மேற்பட்டோரைச் சனாதிபதி ரொனால்ட் றேகன் வேலையிலிருந்து நீக்கினார். தனியார் தொழில்கொள்வோரும் அதனை முன்மாதிரியாகக் கொண்டனர். கனடாவிலோ 1945 ஆம் ஆண்டில் வின்சர் நகர மோட்டார்த் தொழிற்சாலையில் எழுந்த பிணக்கை விசாரித்த நீதியரசர் ஐவன் ராண்ட், மறுவருடம் ஒரு தீர்ப்பை வழங்கினார். எவரும் சங்கத்திற் சேரும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது. ஆனால் சங்கம் பெற்றுத்தரும் நன்மை எல்லாரையும் சேர்வதால், சந்தாவை எல்லாரும் செலுத்துதல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அக்கோட்பாடு அந்நாட்டு மாகாணங்கள் பலவற்றிற் சட்டமாக நிலைத்தது.

இங்கே ஒரு பொதுச் சிக்கல் வெளிப்படுகின்றது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்பவருக்கும் தேர் வந்துசேர்கின்றது. சங்கம் போராடிப் பெறும் சம்பள உயர்வும் பாதுகாப்பும் சங்கத்திற் சேராதவருக்கும் கிடைக்குமெனின், சந்தா செலுத்துவானேன் என்று ஒருவர் எண்ணுதல் இயல்பே. எல்லாரும் அவ்வாறு எண்ணினால் தேர் நகராது. இச்சிக்கலை மங்கூர் ஒல்சன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். அங்கத்தவருக்கு மட்டும் உரிய ஏதேனும் ஒரு பயன் இருந்தாலன்றி, பெரிய சங்கங்கள் நிலைத்தல் அரிது என்பது அவர் கண்ட முடிவு.

அத்தகைய பயன் ஒன்றை வழங்கும் நாடுகளும் உண்டு. பெல்சியத்தின் கென்ற் நகரசபை, 1901 ஆம் ஆண்டில், சங்கங்கள் நடத்திவந்த வேலையின்மை உதவி நிதிக்குப் பொதுப் பணத்திலிருந்து துணைக்கொடை வழங்கத் தொடங்கியது. அம்முறை பின்னர் டென்மார்க்கு, பின்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளில் வேரூன்றியது. அங்கே வேலையின்மைக் காப்புறுதியைச் சங்கங்களுடன் தொடர்புடைய நிதிகளே நடத்துவதால், வேலை பறிபோகும் எனும் அச்சம் மக்களைச் சங்கத்துக்கு அழைத்துவருகின்றது. மற்ற நாடுகளிற் சங்கங்கள் மெலிந்த காலத்தில், சுவீடனில் அங்கத்துவ வீதம் வளர்ந்து 1990 களின் நடுப்பகுதியில் 85 ஐ எட்டியது. பண்பாட்டால் அதனை ஒத்த அயல்நாடான நோர்வேயிலோ காப்புறுதியை அரசாங்கமே நடத்துகின்றது. அங்கு வீதம் ஏறத்தாழ 50 அளவிலேயே நின்றது.

சுவீடனிற் பின்னர் நிகழ்ந்ததும் இதனையே உறுதிசெய்கின்றது. 2007 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்நாட்டின் புதிய அரசாங்கம் காப்புறுதி நிதிக்குச் செலுத்தவேண்டிய கட்டணத்தைப் பெரிதும் உயர்த்தியது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் சங்கங்களை விட்டு விலகினர்; வீதம் 77 இலிருந்து 71 ஆகக் குறைந்தது. வேலையின்மை மிகுந்த தொழில்களிற் கட்டணமும் மிகுதியாக இருந்தமையால், குறைந்த சம்பளம் பெறும் உடலுழைப்பாளரே கூடுதலாக விலகினர். கட்டணம் 2014 ஆம் ஆண்டிற் குறைக்கப்பட்டபின்னரும் பழைய நிலை திரும்பவில்லை. ஒரு தலைமுறையில் வழக்கம் அறுந்துவிடின், அதனை மீண்டும் இணைத்தல் எளிதன்று.

சட்டத்தின் ஆற்றலைக் காட்டும் மற்றொரு நாடு நியூசிலாந்து. 1894 ஆம் ஆண்டிலே, தொழிற்பிணக்குகளை நடுத்தீர்ப்பு நீதிமன்றத்தின் மூலம் தீர்க்கும் சட்டத்தை இயற்றி, சங்கங்களுக்கு அரசின் அங்கீகாரத்தை வழங்கிய நாடு அது. 1991 ஆம் ஆண்டின் தொழில் ஒப்பந்தச் சட்டம் அம்முறையை அடியோடு மாற்றி, சங்கத்தின் தனியுரிமைகளை நீக்கியது. சில ஆண்டுகளுக்குள் அங்கத்துவ வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. பிரித்தானியாவிலும் 1980 ஆம் ஆண்டு முதல் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றப்பட்ட சட்டங்கள், வேலைநிறுத்தத்துக்கு முன் இரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கி, பிற தொழிலாளரின் அனுதாப வேலைநிறுத்தத்தைத் தடுத்து, சங்கத்தவருக்கே வேலை என்ற ஏற்பாட்டையும் நீக்கின.

எனினும் அங்கத்துவ வீதம் ஒன்றையே கொண்டு சங்கங்களின் செல்வாக்கை மதிப்பிடலாகாது என்பதற்குப் பிரான்சு சிறந்த உதாரணம். அந்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேரே சங்கத்தவர். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோரின் சம்பளமும் வேலைநேரமும் கூட்டு உடன்படிக்கைகளால் நிர்ணயிக்கப்படுகின்றன. ஒரு தொழிற்றுறையில் செய்யப்படும் உடன்படிக்கையை, அத்துறையிலுள்ள எல்லா நிறுவனங்களுக்கும் அரசாங்கம் விரித்து அமுலாக்குவதே இதற்குக் காரணம். அமெரிக்காவிலும் யப்பானிலும் நிலை வேறு. அங்கே பேச்சுவார்த்தை நிறுவனந்தோறும் தனித்தனியே நடைபெறுவதால், சங்கம் இல்லாத இடத்தில் உடன்படிக்கையும் இல்லை. சிறப்பாக யப்பானில், ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு சங்கம் என்ற முறை நிலவுகின்றது. அச்சங்கங்கள் நிரந்தர ஊழியரையே பெரிதும் உள்ளடக்கியமையால், பகுதிநேரத் தொழிலாளர் பெருகியபோது அவர்களுட் பத்தில் ஒருவர்தானும் சங்கத்தில் இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

சங்கத்தவர் யாவர் என்பதும் மாறிவிட்டது. தொழிற்சங்கத்தவர் என்றதும், கரிபடிந்த முகத்துடன் சுரங்கத்திலிருந்து வெளிவரும் ஆண்மகனின் உருவமே முன்னாளில் மக்கள் மனத்தில் எழுந்தது. இன்று பிரித்தானியாவில் ஆண்களைவிடப் பெண்களே கூடிய வீதத்தில் அங்கத்தவராக உள்ளனர். தாதியர், ஆசிரியர், உள்ளூராட்சி ஊழியர் ஆகியோர் சங்கங்களின் முதுகெலும்பாகத் திகழ்கின்றனர். அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டில் அரசாங்க ஊழியரில் மூவரில் ஒருவர் சங்கத்தவர். தனியார் துறையிலோ நூற்றுக்கு ஆறு பேர் மட்டுமே. 1962 ஆம் ஆண்டிலே மத்திய அரசாங்க ஊழியருக்குக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைச் சனாதிபதி கெனடி வழங்கியமை இம்மாற்றத்துக்கு வழிவகுத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று. இளைஞரின் நிலையே சங்கத் தலைவர்களுக்குப் பெருங்கவலை தருவது. முதியோர் ஓய்வுபெற்றுச் செல்ல, அவர்களின் இடத்துக்கு வரும் இளைஞர் சங்கத்தை அறியாதவராகவே வருகின்றனர். அவர்களுக்கு முதலிற் கிடைக்கும் வேலைகளிற் சங்கம் என்பதே பெரும்பாலும் இல்லை.

இத்தளர்ச்சியால் நேர்ந்த விளைவு யாது? சங்கங்களைக் குறைகூறுவோர் முன்வைக்கும் வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. உள்ளே இருப்போருக்கு உயர்ந்த சம்பளத்தைப் பெற்றுத்தந்து, வெளியே நிற்போரின் வேலைவாய்ப்பைச் சங்கம் சுருக்கிவிடும் என்றும், 1978 ஆம் ஆண்டு இறுதியிலும் 1979 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் பிரித்தானியாவில் நிகழ்ந்தவை போன்ற தொடர் வேலைநிறுத்தங்கள் பொதுமக்களைத் துன்புறுத்தும் என்றும் அவர்கள் கூறுவர். 1984 ஆம் ஆண்டில் றிச்சட் பிறீமன், ஜேம்ஸ் மெடொவ் என்னும் இரு பொருளியலறிஞர் வெளியிட்ட நூல், சங்கத்துக்கு இரு முகங்கள் உண்டு எனக் காட்டியது. ஒன்று, உழைப்பின் விலையை உயர்த்தும் தனியுரிமையாளரின் முகம். மற்றையது, குறையுள்ள தொழிலாளி வேலையை விட்டு ஓடாமல், அக்குறையை எடுத்துரைக்க வழிதரும் குரலின் முகம். இரண்டாவது முகத்தின் பயனாக, அனுபவம் வாய்ந்த ஊழியர் நிலைத்திருப்பதும், நிருவாகம் தன் குறைகளை அறிந்து திருத்துவதும் கைகூடும்.

வருமானப் பங்கீட்டைப் பொறுத்தவரையில் ஆய்வுகள் ஒரே திசையையே சுட்டுகின்றன. சர்வதேச நாணய நிதியத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, 1980 ஆம் ஆண்டின் பின் வளர்ந்த நாடுகளில் சங்கங்கள் தளர்ந்தமைக்கும், மேல்மட்டப் பத்து வீதத்தினரின் வருமானப் பங்கு உயர்ந்தமைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. சங்கம் இருக்குமிடத்தில் மிகக் குறைந்த சம்பளம் உயர்வதும், ஒரே வேலைசெய்வோரின் சம்பள வேறுபாடு குறைவதும் வழக்கம். சங்கம் நீங்கும்போது, தனித்துநின்று பேசக்கூடிய அரிய திறமையுடையோர் முன்னேறுவர்; அத்திறமை இல்லாதோர் கொடுத்ததைப் பெற்றுக்கொள்வர்.

மக்கள் சங்கங்களை வெறுத்தே விலகினர் என்று கொள்வதும் பொருந்தாது. அமெரிக்காவிற் காலப் நிறுவனத்தார் 1936 ஆம் ஆண்டு முதல் இதுபற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டுவருகின்றனர். அவ்வாண்டில் 72 வீதத்தினர் தொழிற்சங்கங்களை ஆதரித்தனர். 2009 ஆம் ஆண்டில் அது 48 ஆகத் தாழ்ந்து, 2022 ஆம் ஆண்டில் மீண்டும் 71 ஆக உயர்ந்தது. ஆனால் அங்கத்துவ வீதமோ பத்தைச் சுற்றியே நிற்கின்றது. பத்தில் ஏழு பேர் நல்லதெனக் கருதும் ஒன்றிற் பத்தில் ஒருவரே இருப்பதற்குக் காரணம், விருப்பத்துக்கும் அங்கத்துவத்துக்கும் இடையிலுள்ள பாதை கடினமாக இருப்பதேயாம். வேலைத்தலத்திற் சங்கம் இல்லாத ஒருவர், தாமே முன்னின்று அதனை அமைத்தல் வேண்டும். அவ்வாறு முன்னிற்பவர் வேலையை இழக்கவும் நேரலாம்.

அண்மைக் காலத்திற் சில புதிய முயற்சிகள் தோன்றியுள்ளன. அமெரிக்காவில் 2021 ஆம் ஆண்டு இறுதியிற் பவலோ நகரக் கோப்பிக் கடையொன்றின் ஊழியரும், 2022 ஆம் ஆண்டில் நியூயோக் நகரப் பெரும் பண்டகசாலையொன்றின் ஊழியரும் வாக்களித்துச் சங்கத்தைத் தெரிவுசெய்தனர். கைத்தொலைபேசி வழியாக அழைக்கப்படும் வாடகைக் கார்ச் சாரதிகள் சுயதொழில் செய்வோரல்லர், தொழிலாளர்க்குரிய பாதுகாப்புப் பெறவேண்டியவர் என்று பிரித்தானிய உயர்நீதிமன்றம் 2021 ஆம் ஆண்டிற் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆம் ஆண்டில் இயற்றிய பணிப்புரை, தொழிலாளருள் நூற்றுக்கு எண்பது பேருக்குக் குறைவானோர் கூட்டு உடன்படிக்கையின் கீழ் உள்ள அங்கத்துவ நாடுகள், அதனை உயர்த்துவதற்குத் திட்டம் வகுக்கவேண்டும் என விதித்தது. அவுஸ்திரேலியாவிலும் அங்கத்துவ வீதம் 2022 ஆம் ஆண்டின் பின் சற்றே உயர்ந்து, 2024 ஆம் ஆண்டில் 13 ஐத் தாண்டியது. இவை நிலையான திருப்பமா, சிறிய அலையா என்பதைக் காலமே காட்டும்.

இலங்கைக்கும் இவ்வரலாற்றுடன் ஒரு தொடர்பு உண்டு. பிரித்தானியத் தொழிற்சங்கங்களின் வரலாற்றைத் தம் மனைவி பியற்றிசுடன் சேர்ந்து 1894 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட சிட்னி வெப், பிற்காலத்திற் பாஸ்பீல்ட் பிரபு எனும் பட்டத்துடன் குடியேற்ற நாட்டு மந்திரியாகப் பதவி வகித்தார். சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கும்படி 1930 ஆம் ஆண்டில் அவர் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையின் வழியிலேயே, 1935 ஆம் ஆண்டில் இலங்கையின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தொல்புடிலில் எழுந்த வினா கடல்கடந்து இத்தீவின் துறைமுகத்துக்கும் தோட்டத்துக்கும் வந்துசேர்ந்தது.

தொகுத்து நோக்கின், சங்கங்களின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு காரணம் மட்டும் கூறல் இயலாது. தொழிலின் அமைப்பு, வேலைவாய்ப்பின் நிலை, சட்டத்தின் போக்கு, அங்கத்தவருக்குக் கிடைக்கும் பயன் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னியே அதனை நிர்ணயித்துள்ளன. இவற்றுள் முதலிரண்டும் எளிதில் மனிதர் வசப்படுவன அல்ல. பின்னிரண்டும் மக்களின் தெரிவுக்கு உட்பட்டவை. இதனாலேயே கனடாவும் அமெரிக்காவும், சுவீடனும் நோர்வேயும் வெவ்வேறு வழியிற் சென்றன. தொல்புடிலில் ஆண்டுதோறும் யூலை மாதத்தில் தொழிற்சங்கத்தவர் கொடிகளுடன் ஊர்வலமாகக் கூடி, அவ்வறுவரையும் நினைவுகூருகின்றனர். தனிமரம் தோப்பாகாது என்பதை அப்பண்ணைத் தொழிலாளர் ஏழு சிலிங் கூலியிற் கற்றனர். சிறுகடையிலும் வாடகைக் காரிலும் தனித்தனியே உழைக்கும் இன்றைய தொழிலாளர், தம் காலத்துக்கேற்ற தோப்பை எவ்வாறு அமைக்கப் போகின்றனர் என்பதே இந்நூற்றாண்டின் முன் நிற்கும் வினா.